ஓ.எஸ். போட்டாச்சு, அப்புறம்?

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், "ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை பாத்துக்கோங்க"ன்னு. அவ்ளோதான், கொருக்குப்பேட்டையில ஆரம்பிச்சு எண்ணூர் வரைக்கும் ஆளாளுக்கு எழுதித் தள்ளிட்டீங்க. ஒத்திகைன்னா இன்னா, எப்புடிப் பாக்குறது, அதுக்குன்னு சாஃப்ட்வேர் எதுனா இருக்கா. ஒருத்தர் "நாடகத்துக்குத்தான் ஒத்திகை, கம்ப்யூட்டருக்குமா வாத்யாரே"ன்னு கேட்டிருக்காரு. சரி, இந்த வாட்டி மத்த கேள்விய எல்லாம் ஓரங்கட்டிட்டு இத மட்டும் பாத்துடலாம். ஓ.எஸ்.ன்னா கம்ப்யூட்டர ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர், விண்டோஸ், லினக்ஸ் மாதிரி. டிஸ்க்க அழிச்சிட்டு அத புதுசா போடுறதத்தான் ஃபார்மட் அடிக்கிறதுங்குறோம்.

அண்ணா, கொருக்குப்பேட்டையில ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். சிஸ்டம் ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது, ஒரு பையன் ஓ.எஸ். புதுசா போட்டுத் தர்றேங்குறான். மூணு வருஷம் முன்னாடி இப்படித்தான் போட்டோம், டெஸ்க்டாப் பளிச்சுனு வந்துச்சு, பையன் காசு வாங்கிட்டுப் போய்ட்டான், சாயங்காலம் ஒரு கல்யாணப் பத்திரிகை ஃபைல தொறந்தா தமிழே இல்ல, முழுக்க இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக் கெடக்கு. தை மாசம் சீசன் வருது. இந்த வாட்டி எப்படி டெஸ்ட் பண்ணிட்டுப் போடுறது?

அந்தப் பையன் மேல கோவிச்சுக்காதீங்கம்மா. அவனுக்கு டெஸ்க்டாப் வந்தா வேலை முடிஞ்சுது, உங்களுக்கு பத்திரிகை பிரிண்ட் ஆகி பார்ட்டி கையில போனாத்தான் முடியும். அவன் உங்க கடையில ஒரு நாள் கூட உக்காந்து வேலை பாத்ததில்ல, என்னென்ன வேணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

அதனால மொதல்ல ஒரு காகிதம் எடுத்துக்கோங்க. ஒரு நாள் பூரா, ஷட்டர் தூக்குறதுல இருந்து இறக்குற வரைக்கும், கம்ப்யூட்டர்ல எதெல்லாம் தொட்டீங்களோ அதெல்லாம் எழுதுங்க. ஃபோட்டோஷாப், கோரல்டிரா, வாட்ஸ்ஆப் வெப், ஸ்கேனர், பாஸ்போர்ட் ஃபோட்டோ, இ-சேவை பக்கம், பிரவுசர்ல சேவ் ஆகியிருக்குற பாஸ்வேர்டு, எல்லாம். மனசுல நெனச்சு எழுதாதீங்க, தொடத் தொட எழுதுங்க. நெனச்சு எழுதுறவங்க பெரிய சாஃப்ட்வேர் நாலு எழுதுவாங்க, ஸ்கேன் பண்றப்ப தானா திறக்குற அந்தச் சின்ன ஜன்னல மறந்துடுவாங்க. அந்தக் காகிதம்தான் உங்க டெஸ்ட், வேற சாஃப்ட்வேர் ஒண்ணும் தேவையில்ல.

ரெண்டாவது, பழைய டிஸ்க்கத் தொடவே தொடாதீங்க. 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது வேகமா ஓடுற புது மாதிரி டிஸ்க்கு, ஒண்ணு வாங்குங்க, எம்.சி. ரோட்டுல ஒரு நல்ல சேலை எடுக்குற காசுதான் ஆகும். கேபினெட்ட தொறந்து பழைய டிஸ்க்கோட கேபிள கழட்டி வச்சிட்டு, புது எஸ்எஸ்டிய மட்டும் மாட்டி அதுல விண்டோஸ் போடச் சொல்லுங்க. கேபிள கழட்டணும்னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பழைய டிஸ்க்கு மாட்டியிருக்கப்பவே புதுசுல போட்டா, விண்டோஸ் தன்னோட ஃபைல எல்லாம் புதுசுல வச்சிட்டு, பூட் ஆகுறதுக்கான சமாச்சாரத்த மட்டும் பழசுல ஏற்கெனவே இருக்குற சின்ன பார்ட்டிஷன்ல (டிஸ்க்குக்குள்ள தடுத்து வச்ச அறை மாதிரி) கொண்டு போய் வச்சிடும். நாளைக்குப் பழச கழட்டுனா புதுசும் எழுந்திருக்காது. கழட்டி வச்சிட்டுப் போட்டா அந்தத் தொல்லையே இல்ல, எது சரியா வரலன்னாலும் கேபிள மாத்திக் குத்துனா அஞ்சு நிமிஷத்துல பழைய கடை ரெடி. மதர்போர்டு அதேதானே, அதனால ஒரிஜினல் விண்டோஸா இருந்தா நெட் வந்ததும் தானா ஆக்டிவேட் ஆகிடும். பத்து நிமிஷம் பூட் ஆகுறதும் முக்காவாசி அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்காலதான், எஸ்எஸ்டி போட்டாலே பாதி வியாதி போயிடும்.

இப்ப ஃபான்ட் கதைக்கு வரேன். உங்க பழைய பத்திரிகை எல்லாம் பாமினி மாதிரி, யூனிகோடுங்குற உலகப் பொது எழுத்து முறைக்கு முந்தின ஃபான்ட்ல அடிச்சதா இருக்கும். அந்த ஃபைலுக்குள்ள உண்மையிலேயே தமிழ் கெடையாது, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்தான் இருக்கு, ஃபான்ட் வந்து அதுங்களுக்குத் தமிழ் வேஷம் கட்டுது. வேஷக்காரன் இல்லன்னா அசல் முகம் தெரியுது, அவ்ளோதான், ஃபைல் கெட்டுப் போகல. ஃபான்ட போட்டா திரும்ப மாப்பிள்ளை பொண்ணு பேரெல்லாம் வந்துடும். அதனால பழைய சிஸ்டத்துல சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர் இருக்கும், அத அப்படியே பென் டிரைவ்ல காப்பி பண்ணிக்கோங்க. அதோட நின்னுடக் கூடாது, விண்டோஸ் 10 வந்து மூணு வருஷம் கழிச்சு, 2018ல, "இந்த யூசருக்கு மட்டும்"னு ஃபான்ட் போடுற வழக்கம் ஒண்ணு வந்துடுச்சு, அப்படிப் போட்ட ஃபான்ட் எல்லாம் உங்க யூசர் பேருல இருக்குற ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ்னு உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ஆப்டேட்டா கண்ணுக்கே தெரியாது, மறைஞ்ச ஃபைல காட்டச் சொல்லி டிக் போட்டாத்தான் தெரியும். முக்காவாசி பேரு கோட்டை விடுறது இங்கதான், மூணு வருஷம் முன்னாடி ஓ.எஸ். போட்ட பையன் கோட்டை விட்டதும் இங்கயாத்தான் இருக்கும். சரியா வந்துச்சான்னு பாக்க, போன வாரம் அடிச்ச ஃபைல் ஒண்ணு, அஞ்சாறு வருஷத்துக்கு முந்தின பத்திரிகை ஒண்ணு, வேற கடையில இருந்து வந்த ஃபைல் ஒண்ணு, மூணையும் தொறந்து பாருங்க. புது ஃபைல் மட்டும் பாத்துட்டு சரின்னு சொல்லாதீங்க, அது யூனிகோடுல இருந்தா உங்க பழைய ஃபான்ட் இல்லாட்டியும் சரியாத்தான் தெரியும்.

அடுத்து பாஸ்போர்ட் ஃபோட்டோ. புது விண்டோஸ்ல பிரிண்டர் டிரைவர் (பிரிண்டர ஓட்டுற குட்டி சாஃப்ட்வேர்) போட்டதும் பிரிண்டரோட செட்டிங் எல்லாம் கம்பெனி கணக்குக்குத் திரும்பிடும், பேப்பர் சைஸ், மார்ஜின், கலர், எல்லாம். சில டிரைவர்ல "பக்கத்துக்கு ஏத்த மாதிரி சுருக்கு"ங்குறது தானா ஆன் ஆகி இருக்கும். ஸ்கிரீன்ல பாத்தா எல்லாம் கரெக்டா இருக்கும். ஒரு ஷீட் அடிச்சு, ஸ்கூல் பசங்க வச்சிருக்குற ஸ்கேல வச்சு அளந்து பாருங்க, அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45 மில்லிமீட்டர் வரணும். 33 வந்துச்சுன்னா ஃபோட்டோ சுருங்கியிருக்குன்னு அர்த்தம், கஸ்டமர் கண்ணுக்குத் தெரியாது, அப்ளிகேஷன் வாங்குற கவுன்ட்டர்ல தெரிஞ்சுடும், அப்புறம் அவரு உங்க கடைக்கு வந்து நிக்கிற கோலத்த நான் சொல்லத் தேவையில்ல.

பேக்கப் பத்தி நீங்க கேக்கல, ஆனா நான் பண்ண ஒரு கூத்த சொல்லிடுறேன். கடை ஆரம்பிச்ச புதுசுல ஒரு டெய்லர் அண்ணன் சிஸ்டம் கொண்டாந்தாரு, "எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு தம்பி"ன்னாரு. நானும் டெஸ்க்டாப்ப அப்படியே பென் டிரைவ்ல போட்டுட்டு டிஸ்க்க அழிச்சிட்டேன். அப்புறம் பாத்தா ஒவ்வொரு ஃபைலும் ஒரு கேபி, ரெண்டு கேபி. எல்லாமே ஷார்ட்கட்டு! வீட்டக் காலி பண்றப்ப சாமானத்த விட்டுட்டு வாசல்ல இருந்த அட்ரஸ் பலகைய மட்டும் தூக்கிட்டு வந்த கதை. ரெண்டு நாள் ரெகவரி சாஃப்ட்வேர் ஓட்டி பாதி மீட்டேன், மீதி பாதிக்கு இன்னிக்கும் அந்த அண்ணன் என்னப் பாத்தா லேசா மொறைப்பாரு. அதனால பேக்கப் எடுத்தா அத வேற ஒரு கம்ப்யூட்டர்ல சொருகி, அங்க ஃபைல தொறந்து பாருங்க. எடுத்த மெஷின்லயே பாத்தா ஷார்ட்கட்டும் தொறக்கும், ஏமாந்துடுவீங்க. டாலியில கணக்கு வச்சிருந்தா ஃபோல்டர காப்பி பண்றதோட விடாம, டாலிக்குள்ள இருக்குற பேக்கப்ப எடுத்து புது சிஸ்டத்துல ரெஸ்டோர் பண்ணி போன மாச பேலன்ஸ் வருதான்னு பாருங்க, ஃபார்மட்டுக்கு முன்னாடி லைசென்ஸ சரண்டர் பண்ணிடுங்க.

எல்லாம் ஆச்சுன்னா மறுபடி அந்தக் காகிதத்த எடுத்து மேல இருந்து கீழ ஒவ்வொண்ணா டிக் அடிங்க. கடைசியா சிஸ்டத்த ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணிப் பாத்ததோட விடாதீங்க, ரீஸ்டார்ட்டும் கொடுங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு, ஷட்டவுன் பண்ணா முழுசா தூங்காது, அரைத்தூக்கம்தான். ரீஸ்டார்ட்ல தான் எல்லாத்தையும் புதுசா எழுப்பும், டிரைவர்ல ஓட்டை இருந்தா அப்பத்தான் வெளிய வரும். ஒரு வாரம் புது டிஸ்க்குலயே கடைய நடத்துங்க. மார்கழிக்குள்ள முடிச்சிடுங்க, தை பொறந்தப்புறம் இதெல்லாம் ஆகாது.

கொடுங்கையூர்ல இருந்து எழுதுறேன். சி டிரைவ்ல மட்டும் ஓ.எஸ். போட்டா டி டிரைவ் ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்குமா?

இருக்கும், சரியான பார்ட்டிஷன தொட்டா. விண்டோஸ் போடுறப்ப வர்ற அந்தப் பக்கத்துல சி, டின்னு எழுத்து காட்டாது, டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, 2, 3ன்னு நம்பர்தான் காட்டும். அதனால முன்னாடியே எதுக்கு எத்தன ஜிபின்னு ஒரு சீட்டுல எழுதி வச்சிக்கோங்க, அங்க ஜிபிய பாத்துதான் அடையாளம் கண்டுபிடிக்கணும். ரெண்டும் ஒரே சைஸா பிரிச்சு வச்சிருந்தீங்கன்னா கடவுள்தான் காப்பாத்தணும். வைரஸுக்காக ஃபார்மட் பண்றீங்கன்னா இன்னொண்ணு, பென் டிரைவ்ல பரவுற வைரஸ் டி டிரைவ்லயும் ஃபோல்டர் மாதிரி வேஷம் போட்டு உக்காந்திருக்கும், புது விண்டோஸ்ல டிய டபுள் கிளிக் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸ் வச்சு ஸ்கேன் பண்ணிடுங்க.

அண்ணே, ராயபுரம். வூட்ல இருக்குறது நாலாவது ஜெனரேஷன் ஐ3, விண்டோஸ் 10. இனிமே சப்போர்ட் கெடையாது, புது சிஸ்டம் வாங்குங்கன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. பசங்க படிப்புக்குத்தான் வச்சிருக்கோம். லினக்ஸ் போடலாம்னு பொண்ணு சொல்றா. போட்டுட்டு ஒத்து வரலன்னா இன்னா பண்றது?

பொண்ணு சொல்றது சரிதாண்ணே, ஆனா போட்டுட்டுப் பாக்க வேணாம், பாத்துட்டுப் போடுங்க.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. அன்னிக்கு ராத்திரியே கம்ப்யூட்டர் நின்னுடல, பாதுகாப்பு அப்டேட் வர்றது நின்னுச்சு. வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷம் நீட்டிச்சிருக்காங்க, அப்டேட் பக்கத்துல போய் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வச்சு பதிஞ்சா 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும், காசு கட்டாம பதியிற வழியும் இருக்கு. விண்டோஸ் 11 உங்க மெஷினுக்கு முறையா ஏறாது, டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்பு சிப் கேக்கும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனாவது வேணும்பாங்க. குறுக்கு வழியில ஏத்தித் தர்றவங்க இருக்காங்க, ஆனா அப்டேட் ஒழுங்கா வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது.

லினக்ஸ்ல இருக்குற பெரிய வசதி, ஹார்ட் டிஸ்க்குல ஒரு எழுத்து கூட எழுதாம பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாக்கலாம். லினக்ஸ் மின்ட்டோ உபுன்டுவோ இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ்ல ரூஃபஸ்ங்குற சாஃப்ட்வேர வச்சு ஏத்தி, ஆன் பண்றப்ப பூட் மெனு கீய அழுத்துங்க, டெல், லெனோவோனா எஃப்12, எச்பின்னா எஃப்9. உபுன்டுவுல "இன்ஸ்டால் பண்ணாம ட்ரை பண்ணு"ன்னு வரும், அதக் குடுங்க, மின்ட்டுன்னா நேரா டெஸ்க்டாப்பே வந்துடும். பென் டிரைவ்ல ஓடுறதால மெதுவாத்தான் இருக்கும், வேகத்த வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க. வைஃபை புடிக்குதா, ஸ்பீக்கர்ல சத்தம் வருதா, பசங்க பாடம் பாக்குற வீடியோ விக்காம ஓடுதா, இதப் பாருங்க. தமிழ்99 கீபோர்டு சேத்து பொண்ண ஒரு பக்கம் அடிக்கச் சொல்லுங்க. முக்கியமா பிரிண்டர். நம்ம ஏரியாவுல ஊருக்கு ஊர் ஓடுற சில பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸ்ல உயிர எடுத்துடும், டிரைவர தேடிப் போட்டாலும் ஒரு நாள் அடிக்கும் ஒரு நாள் அடிக்காது. ஒரு சனி ஞாயிறு இப்படி ஓட்டிப் பாத்துட்டு, ஒத்து வரலன்னா பென் டிரைவ உருவிட்டு ஆன் பண்ணுங்க, பழைய விண்டோஸ் ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து நிக்கும்.

எண்ணூர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்து சிபியு அடிப்பாகம் நனைஞ்சு போச்சு. காயவச்சு ஓட்டிட்டுதான் இருந்தோம், இப்ப ஆறு மாசமா நீல ஸ்கிரீன் வருது. மூணு தடவ ஓ.எஸ். மாத்திட்டாங்க, மூணு தடவையும் காசு. ஒரு வாரத்துல திரும்ப நீலம். எந்த ஓ.எஸ். போட்டா நிக்கும்?

எதப் போட்டாலும் நிக்காது சார். மூணு தடவ புதுசா போட்டும் அதே வியாதின்னா அது ஓ.எஸ். வியாதி இல்ல, ஹார்ட்வேர் வியாதி. மூணு தடவ காசு வாங்குனவரு ரெண்டாவது தடவையே இதச் சொல்லியிருக்கணும், சரி விடுங்க.

ஒரு விஷயம் கவனிச்சு சொல்லுங்க. ஓ.எஸ். போடுறப்ப ஃபைல் காப்பி ஆகுற இடத்துல பர்சன்ட் ஓடும்ல, அது எப்பவாச்சும் நின்னுச்சா? ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர்ல, ஒரு தடவ 23, ஒரு தடவ 71ன்னு நின்னா எனக்கு மொதல்ல ரேம் மேலதான் சந்தேகம் வரும். எப்பவும் அதே இடத்துல நின்னா பென் டிரைவோ அதுல இருக்குற இமேஜோ (ஓ.எஸ். முழுசும் அடங்குன ஃபைல்) கோளாறு. இமேஜ் கோளாறான்னு பாக்க வழி இருக்கு, இறக்குன ஃபைலுக்கு ஷா256னு 64 எழுத்துல ஒரு கையெழுத்து இருக்கும், இறக்குன இடத்துல போட்டிருக்குறதும் நம்மகிட்ட வர்றதும் ஒண்ணா இருக்கணும். ஒரே ஒரு பிட் மாறுனாலும் கையெழுத்து மொத்தமா மாறிடும், அதனால மொத எட்டு எழுத்தும் கடைசி எட்டு எழுத்தும் ஒத்துப் பாத்தா எனக்குப் போதும்.

உங்க விஷயத்துல, கேபினெட்ட தொறந்து ரேம கழட்டி, அதோட தங்க நிற பல்ல பென்சில் ரப்பர் வச்சு மெதுவா தேச்சு, பஞ்சால துடைச்சு திரும்ப மாட்டுங்க. கரண்ட்ட புடுங்கிட்டுத்தான். கடலோர வீட்டுல உப்புக்காத்துக்கே அந்தப் பல்லு கருத்துடும், உங்களுக்கு வெள்ளத் தண்ணி வேற. அப்புறம் மெம்டெஸ்ட்ங்குற ரேம் சோதனை சாஃப்ட்வேர பென் டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்க, காலைல ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் ரேம மாத்தணும். ரெண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணா மாட்டி ஓட்டுனா எது திருடன்னு தெரிஞ்சுடும். ஹார்ட் டிஸ்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்குற டிஸ்க் சோதனை சாஃப்ட்வேர்ல பாருங்க, மஞ்சளா "காஷன்"னு வந்தா மொதல்ல ஃபோட்டோவ எல்லாம் வெளிய எடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

அப்படியே கடிகாரத்தயும் பாருங்க. ஆன் பண்றப்பல்லாம் தேதி பல வருஷம் பின்னாடி போகுதுன்னா மதர்போர்டுல இருக்குற சிஆர் 2032 பட்டன் செல் செத்துடுச்சு. அது தெரியாம ஓ.எஸ். போட்டா நெட் பக்கம் தொறக்காது, அப்டேட் வராது, ஆக்டிவேஷன் மொறைக்கும், எல்லாரும் ஓ.எஸ்ஸையே திட்டுவாங்க. ரெண்டு டீ காசு செல்லு அது. ரேமும் டிஸ்க்கும் நல்லா இருந்தும் நீலம் வந்தா, தண்ணி பட்ட போர்டுதான், அதுக்கு மேல செலவு பண்ணாதீங்க.

அண்ணா, நான் வியாசர்பாடி, இன்ஜினியரிங் மூணாவது வருஷம். உபுன்டு மாதிரி ஓ.எஸ். வெளிய வர்றதுக்கு முன்னாடி யார் வேணா டெஸ்ட் பண்ணிக் குடுக்கலாம்னு சீனியர் சொன்னாரு. அதுல ரீஇன்ஸ்டால் டெஸ்ட்னு தனியா இருக்காம். அதுல என்னண்ணா இருக்கு, ரெண்டாவது தடவ இன்ஸ்டால் பண்றதுதானே?

இந்தக் கேள்விக்காகவே உனக்கு ஒரு டீ வாங்கித் தரலாம் தம்பி.

மொத தடவ இன்ஸ்டால் பண்றது காலி மனையில வீடு கட்றது. ரீஇன்ஸ்டால் வந்து ஆளுங்க குடியிருக்குற வீட்டுல, சாமான் எதையும் உடைக்காம, சுவர மட்டும் இடிச்சுக் கட்றது. உபுன்டு வருஷத்துக்கு ரெண்டு தடவ வரும், ஏப்ரல்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஏப்ரல்ல வர்றதுக்கு அஞ்சு வருஷம் சப்போர்ட். வெளியிடுறதுக்கு முன்னாடி தினம் ஒரு இமேஜ் தயாராகும், அத இறக்கி, எழுதி வச்சிருக்குற படிப்படியா செஞ்சு பாத்து, பாஸா ஃபெயிலான்னு பதிவு பண்ணணும். பழைய இன்ஸ்டாலர்ல ரீஇன்ஸ்டால்னு ஒரு ஆப்ஷனே இருந்துச்சு, உங்க ஃபைல் எல்லாம் இருக்கும், போட்ட சாஃப்ட்வேர முடிஞ்ச வரைக்கும் வச்சிருப்போம், சிஸ்டம் செட்டிங் மட்டும் போயிடும்னு வாக்குக் குடுக்கும். அந்த வாக்கு காப்பாத்தப்படுதான்னு பாக்குறதுதான் டெஸ்ட்.

உன் மெஷின்ல பண்ணாத. விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு பொய் கம்ப்யூட்டர் செய்யுற சாஃப்ட்வேர்) 4 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க்கு குடுத்து ஒரு மெஷின் செய், முன்னாடி பயாஸ்ல, அதாவது ஆன் பண்ணதும் மொதல்ல எழுந்திருக்குற மதர்போர்டு சாஃப்ட்வேர்ல, விர்ச்சுவலைசேஷன் ஆன்ல இருக்கணும். ஒரு தடவ சுத்தமா போடு. அப்புறம் அதுல வாழு, நாலு ஃபைல் வை, ஒரு ஃபைலுக்குத் தமிழ்ல பேர் வை, வால்பேப்பர மாத்து, ரெண்டு சாஃப்ட்வேர் போடு. இப்ப ஸ்னாப்ஷாட் எடுத்துக்கோ, அதாவது மெஷின் இப்ப இருக்குற நிலைய அப்படியே புடிச்சு வை, இது முக்கியம், ஒவ்வொரு தடவையும் இங்க இருந்துதான் ஆரம்பிக்கணும், இல்லன்னா நேத்து பண்ண குளறுபடி இன்னிக்கு ரிசல்ட்ட கெடுத்துடும். அப்புறம் இமேஜ்ல இருந்து பூட் பண்ணி மேலயே போடு. தானா ஆப்ஷன் வரலன்னா கையால பார்ட்டிஷன் பிரிக்கிற பக்கத்துக்குப் போய், ஹோம்ங்குற, யூசரோட ஃபைல் எல்லாம் இருக்குற ஃபோல்டர் எந்த பார்ட்டிஷன்ல இருக்கோ அதுக்கு ஃபார்மட் டிக்க எடுத்துட்டுப் போடு.

முடிஞ்சதும் ஃபைல் இருக்கான்னு பாக்குறது எல்லாரும் பண்றதுதான். நீ அந்த ஃபைல தொறந்து ஒரு வரி சேத்து சேவ் ஆகுதான்னு பாரு. லினக்ஸ் ஃபைலுக்குச் சொந்தக்காரன பேர வச்சு ஞாபகம் வச்சுக்காது, நம்பர வச்சுத்தான், மொத யூசருக்கு 1000. பழைய சிஸ்டத்துல அண்ணன் 1000, தம்பி 1001ன்னு இருந்து, புதுசுல தம்பி மொதல்ல அக்கவுண்ட் தொறந்தான்னா அவன்தான் 1000. அண்ணன் ஃபைல் பூரா இப்ப தம்பிக்கு சொந்தம், தம்பி தன்னோட ஃபைலயே தொட முடியாது. ஃபைல் அங்கயேதான் இருக்கும், வெளியில பாத்தா டெஸ்ட் பாஸ். இந்த மாதிரி ஒண்ண நீ கண்டுபிடிச்சு, உபுன்டு கோளாற பதியிற லாஞ்ச்பேட் தளத்துல எழுதிப் போட்டா, உலகத்துல எங்கயோ ஒரு வீட்டுல சண்டை வராம தடுத்த புண்ணியம்.

எழுதுறப்ப "வேலை செய்யல"ன்னு எழுதாத. எந்தத் தேதி இமேஜ், என்ன பண்ண, என்ன ஆகணும், என்ன ஆச்சு, நாலும் இருக்கணும், லாக் ஃபைல சேத்து வை. இன்னொண்ணு, இன்ஸ்டால் பாதியில ஓடுறப்ப விர்ச்சுவல் மெஷின பொட்டுனு ஆஃப் பண்ணிப் பாரு. கரண்ட் கட் ஆகாத ஊர்ல உக்காந்து எழுதுறவனுக்கு அது தோணாது, வியாசர்பாடி பையனுக்குத் தோணும். விர்ச்சுவல்ல எல்லாம் பாஸ் ஆனாலும் வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு, தூக்கத்துல இருந்து எழுப்புறது, இதெல்லாம் அதுல தெரியாது, அதுக்கு நெஜமான பழைய பெட்டி ஒண்ணு வேணும். என் கடையில ரெண்டு சும்மாதான் கெடக்குது.

பெரம்பூர், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். ஓ.எஸ். மாற்றிய பிறகு திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று வருகிறது. முன்பு வரவில்லை. கேட்டால் ஒரு சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிடுகிறேன் என்கிறார்.

வேணாங்க ஐயா. அந்த மாதிரி சாஃப்ட்வேர் ஓடணும்னா மொதல்ல ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணச் சொல்லும், அதுலயே புரிஞ்சுக்கலாம், வீட்டுக் கதவ தொறந்து வச்சாத்தான் பூட்டு ரிப்பேர் பண்ணுவேன்னு சொல்ற மாதிரி. நீங்க பென்ஷன் அக்கவுண்ட் பாக்குற மெஷின் வேற.

உங்க கம்ப்யூட்டரோட வந்தது விண்டோஸ் ஹோம், அவரு போட்டது ப்ரோ, அப்படித்தான் இருக்கும்னு தோணுது. லைசென்ஸ் ஹோமுக்குத்தான் பதிஞ்சிருக்கும், ப்ரோ போட்டா செல்லாது. செட்டிங்ஸ்ல, விண்டோஸ் 11னா சிஸ்டம், விண்டோஸ் 10னா அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதுல ஆக்டிவேஷன் பக்கத்துல என்ன எடிஷன்னு போட்டிருக்கும், பில்லுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. வேற வேறயா இருந்தா திரும்ப ஹோமே போடச் சொல்லுங்க, கீ கேக்குறப்ப "என்கிட்ட கீ இல்ல"ன்னு குடுத்தாப் போதும், நெட் வந்ததும் தானா சரியாகிடும். இது அவரோட தப்பு, ரெண்டாவது தடவைக்குக் காசு குடுக்காதீங்க.

திருவொற்றியூர். விண்டோஸ் ஏத்திட்டு இருந்தப்ப பாதியில கரண்ட் போச்சு. கம்ப்யூட்டர் காலியா?

இல்ல. பென் டிரைவ திரும்பச் சொருகி மொதல்ல இருந்து ஆரம்பிங்க. அழிச்ச பார்ட்டிஷன் அழிஞ்சதுதான், அது கரண்ட் போகாட்டியும் அழிஞ்சிருக்கும். கரண்ட் போகவே கூடாதது பயாஸ் அப்டேட் ஓடுறப்பதான், யூபிஎஸ் இல்லாம அதுல மட்டும் கை வைக்காதீங்க.

அண்ணே, காசிமேடு. நீங்க போன தடவ சொன்னீங்கன்னு புது எஸ்எஸ்டில போட்டாச்சு, பத்து நாளா சூப்பரா ஓடுது. பழைய டிஸ்க்க ஃபார்மட் பண்ணி வித்துடலாமா? கம்ப்யூட்டர் சாமான் விக்கிற ரிச்சி தெருவுல கேட்டேன், ஏதோ தர்றேன்னாங்க.

அதுக்குள்ள இன்னா அவசரம்? பத்து நாள்ல தெரியாதது சிலது இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ தொறக்குற ஃபைலு, ஸ்கூல் அட்மிஷன் அப்போ தேடுற சர்டிஃபிகேட் ஸ்கேன், படகு சம்பந்தப்பட்ட பழைய பேப்பரு. அந்த டிஸ்க்க ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, எந்த மெஷின்ல இருந்து எந்தத் தேதி கழட்டுனதுன்னு மார்க்கர்ல எழுதி, பீரோவுல துணிக்கு நடுவுல வைங்க. ஜன்னலோரமா வேணாம், உங்க தெருவுல கடல் காத்து எதையும் விட்டு வைக்காது. அடுத்த அட்மிஷன் சீசன் முடிஞ்சதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, அப்ப அழிக்கலாமா வேணாமான்னு சொல்றேன்.